ஆர்டிஎக்ஸ் 3060, ஆர்டிஎக்ஸ் 4060: வேகத்தில் புதியது, நினைவகத்தில் பழையது, யாருக்கு எது ஏற்றது?

பள்ளுருத்தி (கொச்சி): கணினிக்குக் கிராபிக்ஸ் கார்டு எனப்படும் வரைகலை அட்டை வாங்கச் செல்பவர் கடையில் முதலில் கேட்கும் கேள்வி, இரண்டில் எது நல்லது என்பதே. பெட்டியின் மீது அச்சிடப்பட்டுள்ள எண்ணில் பெரியது நல்லது என்ற மறுமொழியே பெரும்பாலும் கிடைக்கிறது. ஆனால் கடந்த சில ஆண்டுகளில் நடுத்தர விலைப் பிரிவில் வெளிவந்த இரு அட்டைகள் இந்தக் கணக்கைப் பொய்யாக்கியுள்ளன. என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 3060, ஆர்டிஎக்ஸ் 4060 ஆகிய இரண்டையும் அருகருகே வைத்தால், புதிய அட்டை சில வேலைகளில் தெளிவாக முந்துவதையும், வேறு சில வேலைகளில் பழைய அட்டையிடம் தோற்பதையும் காணலாம்.

மட்டாஞ்சேரிக்குத் தெற்கே, கொச்சி மாநகராட்சி எல்லைக்குள் அமைந்துள்ளது பள்ளுருத்தி. இங்குள்ள அழகியகாவு பகவதி கோயிலை ஒட்டி ஆண்டுதோறும் மலையாள தனு மாதத்தில் புலவாணிபம் என்னும் சந்தை கூடும். பானையும் பாயும் கூடையும் விற்கும் அச்சந்தையில், பானை வாங்குபவர் அதைத் தட்டிப் பார்த்து, ஓசையைக் கேட்டே விரிசல் உண்டா என்று அறிந்துவிடலாம். தோப்பும்படி பாலத்தைக் கடந்து, வெலிங்டன் தீவின் வழியே எர்ணாகுளம் சென்று வரைகலை அட்டை வாங்கும் இளைஞருக்கு அந்த வசதி இல்லை. பெட்டியில் உள்ள எண்களைப் படிக்கத் தெரிந்திருப்பது ஒன்றே அவருக்குள்ள வழி. அந்த எண்களின் பொருளை இக்கட்டுரை விளக்குகிறது.

வரைகலை அட்டை செய்யும் வேலை

கணினியின் மையச் செயலி சில வலிமையான கோர்களைக் கொண்டது. அவை பலவகைக் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து முடிக்கும். வரைகலைச் செயலியில் ஆயிரக்கணக்கான சிறிய கோர்கள் உள்ளன. ஒரே வகைக் கணக்கைப் பல்லாயிரம் புள்ளிகளுக்கு ஒரே நேரத்தில் போடுவது அவற்றின் பணி. முழு எச்டி திரையில் 1920-க்கு 1080 என்ற கணக்கில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. விளையாட்டு ஒன்று நொடிக்கு 60 பிரேம்கள் என்ற வேகத்தில் ஓட வேண்டுமானால், அத்தனை புள்ளிகளின் நிறத்தையும் 16.7 மில்லிநொடிக்குள் கணித்து முடிக்க வேண்டும்.

கணிப்பதற்குத் தேவையான படங்கள், வடிவங்கள், இடைக்கால விடைகள் ஆகியவை அட்டையிலேயே உள்ள நினைவகத்தில் வைக்கப்படுகின்றன. எனவே ஓர் அட்டையின் திறனை மூன்று கூறுகள் முடிவு செய்கின்றன: எவ்வளவு விரைவாகக் கணிக்கிறது, நினைவகத்தில் இருந்து எவ்வளவு விரைவாகத் தரவைப் பெறுகிறது, நினைவகத்தில் எவ்வளவு இடம் உள்ளது. இம்மூன்றும் ஒன்றாகவே உயரும் என்ற எண்ணமே பெரும்பாலான தவறான தேர்வுகளுக்குக் காரணமாகிறது.

இரு அட்டைகளின் விவரக்குறிப்பு

விற்பனைக்கு வந்த நாள்: ஆர்டிஎக்ஸ் 3060 - 2021 பிப்ரவரி 25, ஆர்டிஎக்ஸ் 4060 - 2023 ஜூன் 29.

அறிமுக விலை: 329 டாலர், 299 டாலர்.

கூடா கோர்கள்: 3,584, 3,072.

உச்ச இயக்க வேகம்: 1.78 கிகாஹெர்ட்ஸ், 2.46 கிகாஹெர்ட்ஸ்.

நினைவகம்: 12 ஜிபி, 8 ஜிபி. இரண்டும் ஜிடிடிஆர்6 வகை.

நினைவகத் தடத்தின் அகலம்: 192 பிட், 128 பிட்.

நினைவகத் தரவு வேகம்: நொடிக்கு 360 ஜிபி, நொடிக்கு 272 ஜிபி.

செயலிக்குள் உள்ள இரண்டாம் நிலை இடைநினைவகம்: 3 எம்பி, 24 எம்பி.

மின்நுகர்வு: 170 வாட், 115 வாட்.

மதர்போர்டு இணைப்பு: பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0, 16 தடங்கள். பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0, 8 தடங்கள்.

விலையும் மின்நுகர்வும் நீங்கலாகப் பார்த்தால், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த அட்டையில் கோர்கள், நினைவகம், தட அகலம், தரவு வேகம், இணைப்புத் தடங்கள் ஆகிய ஐந்தும் குறைந்துள்ளன. உயர்ந்திருப்பவை இயக்க வேகமும் இடைநினைவகமும் மட்டுமே. இருந்தும் பெரும்பாலான விளையாட்டுகளில் புதிய அட்டையே வேகமானது.

கோர்கள் குறைந்தும் வேகம் கூடியது எவ்வாறு?

கணிப்புத் திறனை டெராஃப்ளாப்ஸ் என்னும் அளவால் குறிப்பர். ஒரு டெராஃப்ளாப்ஸ் என்பது நொடிக்கு ஒரு இலட்சம் கோடி கணக்குகள். கோர்களின் எண்ணிக்கையை இயக்க வேகத்தால் பெருக்கி, ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு கோர் இரு கணக்குகளை முடிப்பதால் மேலும் இரண்டால் பெருக்கினால் இந்த அளவு கிடைக்கும். அவ்வாறு கணக்கிட்டால் ஆர்டிஎக்ஸ் 3060-இன் திறன் 12.7 டெராஃப்ளாப்ஸ், ஆர்டிஎக்ஸ் 4060-இன் திறன் 15.1 டெராஃப்ளாப்ஸ். கோர்கள் 14 விழுக்காடு குறைந்தபோதும் இயக்க வேகம் 38 விழுக்காடு உயர்ந்ததால், மொத்தத் திறன் ஏறத்தாழ 19 விழுக்காடு கூடியுள்ளது.

இயக்க வேகம் உயர்ந்ததற்குத் தயாரிப்பு முறையே முதன்மைக் காரணம். ஆர்டிஎக்ஸ் 3060-இன் செயலி சாம்சங் நிறுவனத்தின் 8 நானோமீட்டர் முறையில் தயாரிக்கப்பட்டது. ஆர்டிஎக்ஸ் 4060-இன் செயலி தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனத்தில், 4என் எனப் பெயரிடப்பட்ட முறையில் தயாரிக்கப்பட்டது. டிரான்சிஸ்டர்கள் சிறியனவாகும்போது குறைந்த மின்சாரத்தில் கூடுதல் வேகத்தில் இயங்க முடிகிறது. மின்நுகர்வு 170 வாட்டில் இருந்து 115 வாட்டாகக் குறைந்ததும் இதனாலேயே.

டெராஃப்ளாப்ஸ் எண்ணை ஒரே நிறுவனத்தின் அடுத்தடுத்த தலைமுறைகளை ஒப்பிட ஓரளவு நம்பலாம். வெவ்வேறு நிறுவனங்களின் அட்டைகளை ஒப்பிடும்போது அது வழிதவறச் செய்யக்கூடும். 2016-இல் ஏஎம்டி நிறுவனம் வெளியிட்ட ஆர்எக்ஸ் 480 அட்டையின் கணிப்புத் திறன் 5.8 டெராஃப்ளாப்ஸ். அதற்குப் போட்டியாக வந்த என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060 அட்டையின் திறன் 4.4 டெராஃப்ளாப்ஸ். தாளில் பின்தங்கியிருந்த ஜிடிஎக்ஸ் 1060, வெளியான காலத்தில் பல விளையாட்டுகளில் முன்னிலை பெற்றது. கோர்கள் எத்தனை என்பதோடு, அவற்றை எந்த அளவுக்கு ஓய்வின்றி வேலைவாங்க முடிகிறது என்பதும் விளைவை முடிவு செய்கிறது.

தரவு வேகமும் இடைநினைவகமும்

நினைவகத் தரவு வேகத்தையும் எளிதில் கணக்கிடலாம். ஆர்டிஎக்ஸ் 3060-இல் 192 தடங்கள். ஒவ்வொரு தடத்திலும் நொடிக்கு 15 ஜிகாபிட். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் எட்டால் வகுத்தால் 360 ஜிபி. ஆர்டிஎக்ஸ் 4060-இல் 128 தடங்கள். ஒவ்வொன்றிலும் 17 ஜிகாபிட். விடை 272 ஜிபி. புதிய அட்டைக்குக் கிடைப்பது பழையதன் முக்கால் பங்கு வேகம் மட்டுமே.

இக்குறையை ஈடுசெய்யவே செயலிக்குள் உள்ள இடைநினைவகம் 3 எம்பியில் இருந்து 24 எம்பியாக உயர்த்தப்பட்டது. அடிக்கடி தேவைப்படும் பொருள்களைச் சமையலறை அலமாரியில் வைத்துக்கொண்டால் கடைக்குப் போகும் நடை குறைவதைப் போல, அடிக்கடி தேவைப்படும் தரவு செயலிக்குள்ளேயே இருந்தால் நினைவகத்தை நாடும் முறைகள் குறையும். இதைக் கணக்கில் கொண்டு, ஆர்டிஎக்ஸ் 4060-இன் பயனுறு தரவு வேகம் 453 ஜிபிக்கு நிகரானது என்று என்விடியா தன் விவரக்குறிப்பில் தெரிவித்தது. இது வன்பொருளின் உண்மையான வேகம் அன்று. இடைநினைவகத்தால் மிச்சமாகும் போக்குவரத்தைச் சேர்த்துப் பெற்ற கணிப்பு. விளையாட்டுகளில் இக்கணிப்பு பெரிதும் பொருந்துகிறது. ஒரே தரவு மீண்டும் மீண்டும் தேவைப்படாத வேலைகளில் பொருந்துவதில்லை. திரையின் நுணுக்கம் 4கே அளவுக்கு உயரும்போதும் 24 எம்பி போதாமல் போவதால் இதன் பயன் குறைகிறது.

விளையாட்டுகளில் செயல்திறன்

முழு எச்டி திரையில், நினைவகம் போதுமானதாக உள்ள விளையாட்டுகளில், ஆர்டிஎக்ஸ் 4060 ஏறத்தாழ 20 விழுக்காடு முன்னிலை பெறுகிறது. பிரேம் உருவாக்கம் இன்றி 1.2 மடங்கு என்பதே என்விடியா அறிமுகத்தின்போது கூறிய கணக்கு. பழைய அட்டையில் நொடிக்கு 60 பிரேம்கள் கிடைத்த இடத்தில் புதியதில் 72 கிடைக்கும் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

அறிமுக விளம்பரங்களில் இடம்பெற்ற 1.7 மடங்கு என்ற எண் வேறு வகையானது. டிஎல்எஸ்எஸ் 3 என்னும் தொழில்நுட்பத்தில் உள்ள பிரேம் உருவாக்க வசதியை இயக்கிய நிலையில் பெறப்பட்டது அது. அட்டை உண்மையாகக் கணித்த இரு பிரேம்களுக்கு இடையே, செய்யறிவால் ஊகிக்கப்பட்ட ஒரு பிரேமை இவ்வசதி செருகுகிறது. இதனால் திரையில் அசைவு மென்மையாகத் தெரியும். ஆனால் ஊகித்த பிரேம், விளையாடுபவர் அழுத்திய பொத்தானுக்கு மறுவினை ஆற்றுவதில்லை. அடுத்த உண்மைப் பிரேம் கணிக்கப்படும்வரை காத்திருந்தே இடைப் பிரேம் உருவாக்கப்படுவதால், மறுவினை நேரம் சற்றுக் கூடவும் செய்கிறது. கதைசார்ந்த விளையாட்டுகளுக்கு இது பயன் தரும். நொடிப்பொழுதில் வெற்றி தோல்வி தீர்மானிக்கப்படும் போட்டி விளையாட்டுகளுக்குப் பெரிதும் பயன்படாது. எனவே இரு அட்டைகளின் வரைபடங்களை ஒப்பிடுபவர், பிரேம் உருவாக்கம் இயக்கப்பட்டதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இவ்வசதி ஆர்டிஎக்ஸ் 40 வரிசையிலும் அதற்குப் பிந்தைய அட்டைகளிலும் மட்டுமே இயங்கும். குறைந்த நுணுக்கத்தில் கணித்த படத்தைப் பெரிதாக்கித் தரும் டிஎல்எஸ்எஸ் வசதி இரு அட்டைகளிலும் உண்டு. ஏஎம்டி நிறுவனத்தின் எஃப்எஸ்ஆர் 3 தொழில்நுட்பத்தை ஏற்கும் விளையாட்டுகளில் ஆர்டிஎக்ஸ் 3060 அட்டையும் பிரேம் உருவாக்கத்தைப் பெறுகிறது.

நினைவகம் நிரம்பும்போது நிகழ்வது

நினைவகத்தின் கொள்ளளவு மற்ற எண்களைப் போன்றதன்று. போதுமான இடம் உள்ளவரை, கூடுதல் இடத்தால் வேகம் கூடுவதில்லை. இடம் தீர்ந்த நொடியில் நிலைமை திடீரென மாறுகிறது. தேவையான தரவைக் கணினியின் பொது நினைவகத்தில் இருந்து மதர்போர்டு வழியே கொண்டுவர வேண்டியுள்ளது. அந்தப் பாதையின் வேகம் அட்டையின் சொந்த நினைவக வேகத்தில் மிகச் சிறு பகுதியே. திரையில் படம் விட்டுவிட்டு ஓடும். அல்லது சுவர், ஆடை, முகம் ஆகியவற்றின் நுணுக்கம் மங்கித் தெரியும்.

2023 மார்ச் மாதம் கணினிக்கு வெளிவந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் பாகம் என்னும் விளையாட்டு, உயர் தர அமைப்புகளில் 8 ஜிபி நினைவகம் கொண்ட அட்டைகளைத் திணறச் செய்தது பரவலாகப் பேசப்பட்டது. இத்தகைய நேரங்களில் சராசரி பிரேம் எண் பெரிதாகக் குறையாமலும் இருக்கலாம். மிக மெதுவாக வந்த ஒரு விழுக்காடு பிரேம்களின் வேகத்தைத் தனியே காட்டும் அளவீடே உண்மையைச் சொல்லும். சராசரியாக நொடிக்கு 70 பிரேம்கள் தரும் அட்டை, இடையிடையே 20-க்கு வீழ்ந்தால், சீராக 55 தரும் அட்டையைவிட அனுபவத்தில் தாழ்ந்ததே.

அமைப்புகளில் படத்தின் தரத்தை ஒரு படி குறைத்தால் பெரும்பாலும் 8 ஜிபிக்குள் அடங்கிவிடும் என்பதும் உண்மை. ஆகவே விளையாட்டை மட்டும் நோக்கமாகக் கொண்டவருக்கு இது தீராத குறை அன்று. ஆயினும் ஓர் அட்டையை ஐந்தாறு ஆண்டுகள் வைத்திருக்க எண்ணுபவர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

அசைவூட்டமும் ஒளிப்படத் தொகுப்பும்

கேரள அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் 2018-இல் தொடங்கப்பட்ட லிட்டில் கைட்ஸ் மன்றங்கள், மாணவர்களுக்கு அசைவூட்டம், வன்பொருள், மலையாளக் கணிமை உள்ளிட்ட பிரிவுகளில் பயிற்சி அளிக்கின்றன. அங்கு தொடங்கும் ஆர்வம், பள்ளி முடித்தபின் பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருளுக்கு இட்டுச் செல்லும்போது, வீட்டுக் கணினியின் வரைகலை அட்டை முதன்முறையாகத் தேவைப்படுகிறது.

பிளெண்டரின் சைக்கிள்ஸ் முறையில் படத்தை முழுமையாக்கும் வேலை, ஒளிக்கதிர்களின் பாதையைக் கணிப்பதை அடிப்படையாகக் கொண்டது. கதிர் கணிப்புக்கான தனிக் கோர்கள் ஆர்டிஎக்ஸ் 3060-இல் இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்தவை. ஆர்டிஎக்ஸ் 4060-இல் மூன்றாம் தலைமுறை. காட்சி முழுவதும் 8 ஜிபிக்குள் அடங்குமானால் புதிய அட்டை விரைவாக முடிக்கிறது. மரங்கள், கட்டடங்கள், உயர் நுணுக்கப் படங்கள் நிறைந்த காட்சி அந்த எல்லையைத் தாண்டினால், வேலை பன்மடங்கு மெதுவாகும். அல்லது பிழைச் செய்தியோடு நின்றுவிடும். 12 ஜிபி அட்டையில் அதே காட்சி மெதுவாகவேனும் முடிவடையும்.

காணொளித் தொகுப்பாளர்களுக்குப் புதிய அட்டையில் ஒரு தெளிவான ஆதாயம் உண்டு. ஏவி1 என்னும் புதிய காணொளி வடிவத்தை ஆர்டிஎக்ஸ் 4060 வன்பொருளிலேயே பதிவு செய்யும். ஆர்டிஎக்ஸ் 3060 அவ்வடிவத்தை ஓட்டிக்காட்ட மட்டுமே வல்லது. பதிவு செய்யும் வசதி அதில் இல்லை. குறைந்த இணைய வேகத்தில் நல்ல தரத்துடன் நேரலை செய்ய விரும்புபவருக்கு இது பயன்படும்.

மொழி மாதிரிகளைச் சொந்தக் கணினியில் இயக்குவோர்

செய்யறிவு மொழி மாதிரிகளை வீட்டுக் கணினியில் இயக்கிப் பார்ப்பவர்களுக்குக் கணக்கு தலைகீழாகிறது. மெட்டா நிறுவனம் 2024-இல் வெளியிட்ட லாமா 3.1 வரிசையின் சிறிய மாதிரியில் ஏறத்தாழ 800 கோடி அளவுருக்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட் என்றால் 16 ஜிபி தேவை. அது இரு அட்டைகளிலும் அடங்காது. ஒவ்வொன்றையும் ஒரு பைட்டாகச் சுருக்கினால் 8 ஜிபி ஆகும். உரையாடலை நினைவில் வைக்கத் தேவையான இடத்தையும் திரைக்குத் தேவையான இடத்தையும் சேர்த்தால், 8 ஜிபி அட்டையில் அது அடங்காது. 12 ஜிபி அட்டையில் அடங்கும். அரை பைட்டாகச் சுருக்கினால் ஏறத்தாழ 4 ஜிபி ஆகும். அப்போது இரண்டிலும் இயங்கும். ஆனால் சுருக்கச் சுருக்க விடைகளின் தரம் சிறிது குறையக்கூடும்.

இரண்டிலும் அடங்கும் நிலையிலும் பழைய அட்டைக்கு ஓர் அனுகூலம் உள்ளது. மாதிரி ஒவ்வொரு சொல்துண்டை உருவாக்கும்போதும் தன் அளவுருக்கள் அனைத்தையும் நினைவகத்தில் இருந்து ஒருமுறை படித்தாக வேண்டும். 4 ஜிபி மாதிரியை நொடிக்கு 360 ஜிபி வேகத்தில் படித்தால், கோட்பாட்டளவில் நொடிக்கு அதிகபட்சம் 90 சொல்துண்டுகள் கிடைக்கும். 272 ஜிபி வேகத்தில் 68 மட்டுமே கிடைக்கும். நடைமுறை வேகம் இதைவிடக் குறைவாகவே இருக்கும் என்றாலும், எல்லையை வகுப்பது தரவு வேகமே. 4 ஜிபி தரவுக்கு முன்னால் 24 எம்பி இடைநினைவகம் ஒரு பொருட்டன்று. டெராஃப்ளாப்ஸ் கணக்கில் பின்தங்கிய அட்டை இங்கு முன்னேறுவதன் காரணம் இதுவே.

மின்கட்டணமும் பழைய கணினியும்

முழுச் சுமையில் இரு அட்டைகளுக்கும் உள்ள வேறுபாடு 55 வாட். நாள்தோறும் நான்கு மணி நேரம் முழுச் சுமையில் இயக்கினால், ஓராண்டில் ஏறத்தாழ 80 யூனிட் வேறுபாடு வரும். யூனிட்டுக்கு 7 ரூபாய் எனக் கொண்டால் அது 560 ரூபாய். மூன்று ஆண்டுகளில் 1,700 ரூபாயை நெருங்கும். கேரளத்தில் வீட்டு மின்பயன்பாடு மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால், படிநிலைச் சலுகை நீங்கி, முழுப் பயன்பாட்டுக்கும் ஒரே வீதத்தில் கட்டணம் கணக்கிடப்படுகிறது. அந்த எல்லையை ஒட்டியுள்ள குடும்பங்களுக்குச் சிறிய வேறுபாடும் பெரிதாகத் தெரியும்.

எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கியைப் பொறுத்தவரை, இரு அட்டைகளுக்கும் 550 வாட் திறனையே என்விடியா பரிந்துரைக்கிறது. குறைந்த மின்நுகர்வு என்பதால் தரமற்ற மின்வழங்கி போதும் என்று கருதுவது தவறு.

ஐந்தாறு ஆண்டுப் பழமையான கணினியில் புதிய அட்டையைப் பொருத்துபவர் இணைப்புத் தடங்களையும் கவனிக்க வேண்டும். பழைய மதர்போர்டுகள் பலவற்றில் உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 இணைப்பில், ஒவ்வொரு தடத்தின் வேகமும் 4.0 இணைப்பில் பாதி. அங்கு எட்டுத் தடங்களை மட்டுமே கொண்ட ஆர்டிஎக்ஸ் 4060-க்குக் கிடைப்பது நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிபி. பதினாறு தடங்கள் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060-க்கு ஏறத்தாழ 16 ஜிபி கிடைக்கும். நினைவகம் நிரம்பாதவரை இந்த வேறுபாடு பெரிதாக வெளிப்படாது. நிரம்பினால் இரட்டிப்பாகத் தெரியும்.

ஒரே பெயர், வெவ்வேறு அட்டைகள்

ஆர்டிஎக்ஸ் 3060 என்ற பெயரிலேயே 2022-இன் இறுதியில் 8 ஜிபி நினைவகம் கொண்ட மற்றோர் அட்டையும் வெளிவந்தது. அதில் தட அகலம் 128 பிட். தரவு வேகம் 240 ஜிபி மட்டுமே. பழைய அட்டைக்குரிய இரண்டு அனுகூலங்களும் அதில் இல்லை. எனவே ஆர்டிஎக்ஸ் 3060 வாங்குவதாயின், பெட்டியில் 12 ஜிபி என்று உள்ளதை உறுதி செய்தல் வேண்டும்.

மடிக்கணினியில் இதே பெயர்கள் வேறு பொருள் தருகின்றன. மடிக்கணினிக்குரிய ஆர்டிஎக்ஸ் 3060-இல் நினைவகம் 6 ஜிபி மட்டுமே. மடிக்கணினிக்குரிய ஆர்டிஎக்ஸ் 4060-க்குத் தயாரிப்பாளர் 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த மின் அளவையும் தேர்ந்தெடுக்கலாம். மெல்லிய மடிக்கணினி ஒன்றிலும் தடித்த மடிக்கணினி ஒன்றிலும் ஒரே பெயரில் இருக்கும் செயலிகள், அதனால் வெவ்வேறு வேகத்தில் இயங்கும்.

பெயரும் பொருளும் மாறுபட்டது இது முதன்முறையன்று. 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060-இன் 6 ஜிபி வகையில் 1,280 கோர்களும் 3 ஜிபி வகையில் 1,152 கோர்களும் இருந்தன. 2014-இல் வெளியான ஜிடிஎக்ஸ் 970 அட்டையின் 4 ஜிபி நினைவகத்தில் கடைசி அரை ஜிபி மிக மெதுவாக இயங்குவது 2015 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்தது. அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கில், வாங்கியவர்களுக்கு அட்டை ஒன்றுக்கு 30 டாலர் வழங்க என்விடியா இணங்கியது. 2022 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற ஒரே பெயரில் அறிவிக்கப்பட்ட இரு அட்டைகளில், 12 ஜிபி வகையை அந்நிறுவனம் அடுத்த மாதமே விலக்கிக்கொண்டது. பின்னர் அது ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

பழைய அட்டை வாங்குவோர் கவனத்துக்கு

ஆர்டிஎக்ஸ் 3060 அட்டை பயன்படுத்திய பொருள் சந்தையில் பெருமளவில் கிடைப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அது வெளிவந்த 2021-இல் எதீரியம் மின்னணுப் பணத்தைத் தோண்டுவோர் வரைகலை அட்டைகளை மொத்தமாக வாங்கியதால் உலகெங்கும் தட்டுப்பாடு நிலவியது. அதைத் தடுக்க, எதீரியம் கணிக்கும் வேகத்தை இந்த அட்டையில் பாதியாகக் குறைக்கும் கட்டுப்பாட்டை என்விடியா விதித்தது. சில வாரங்களிலேயே அந்நிறுவனம் வெளியிட்ட சோதனை மென்பொருள் ஒன்று தவறுதலாக அக்கட்டுப்பாட்டை நீக்கிவிட்டது. 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் தன் இயங்குமுறையை மாற்றியதும் இத்தொழில் முடிவுக்கு வந்தது. தோண்டுவதில் ஈடுபட்டிருந்த அட்டைகள் சந்தைக்குத் திரும்பின.

அத்தகைய அட்டைகள் அனைத்தும் பழுதானவை எனக் கொள்ள வேண்டியதில்லை. எனினும் இரவு பகலாக ஓடியதால் விசிறிகள் தேய்ந்தும், வெப்பம் கடத்தும் பசை உலர்ந்தும் இருக்கலாம். கடற்காற்றின் ஈரமும் உப்பும் மிகுந்த மேற்குக் கொச்சி போன்ற பகுதிகளில், உலோகத் தாங்கியிலும் இணைப்பு முனைகளிலும் துரு அல்லது பச்சைப் படிவு உள்ளதா என்றும் பார்ப்பது நல்லது.

வாங்குமுன் செய்யத்தக்க சோதனைகள் சில உள்ளன. ஜிபியு-இசட் என்னும் இலவச மென்பொருள், கோர்கள், நினைவகம், தட அகலம் ஆகியவற்றைக் காட்டும். அந்த எண்களை மேலே உள்ள பட்டியலோடு ஒப்பிடலாம். பின்னர் பதினைந்து முதல் இருபது நிமிடங்கள் முழுச் சுமையில் இயக்கி, வெப்பநிலை நிலைபெறுகிறதா, திரையில் புள்ளிகளோ கோடுகளோ தோன்றுகின்றனவா, விசிறி ஒலி சீராக உள்ளதா என்பவற்றைக் கவனிக்க வேண்டும். அட்டையின் வரிசை எண் பெட்டியிலும் விலைச்சீட்டிலும் உள்ள எண்ணோடு பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். புதிய அட்டைக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. வரியைத் தவிர்ப்பதற்காகச் சீட்டு இன்றி வாங்குபவர், உத்தரவாதம் கோரும் நாளில் சான்று இன்றி நிற்க நேரிடும்.

யாருக்கு எது?

முழு எச்டி திரையில் விளையாடுவதை முதன்மை நோக்கமாகக் கொண்டவருக்கும், நேரலை செய்பவருக்கும், சிறிய பெட்டிக்குள் குறைந்த வெப்பத்தில் இயங்கும் கணினி வேண்டுபவருக்கும் ஆர்டிஎக்ஸ் 4060 ஏற்றது. பெரிய முப்பரிமாணக் காட்சிகளை உருவாக்குபவருக்கும், மொழி மாதிரிகளைச் சொந்தக் கணினியில் இயக்கிக் கற்பவருக்கும், பழைய மதர்போர்டைத் தொடர்ந்து பயன்படுத்துபவருக்கும் 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 இன்றும் ஏற்றது. இரண்டையும் சமமாகச் செய்பவர், தம் வேலை 8 ஜிபியைத் தாண்டுமா என்ற ஒரு கேள்விக்கு விடை கண்டால் போதும். வேகக் குறைவைக் காத்திருந்து ஈடுசெய்யலாம். இடக் குறைவைக் காத்திருந்து ஈடுசெய்ய இயலாது.

2025 மே மாதம் 299 டாலர் விலையில் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 அட்டையிலும் இதே கேள்வி தொடர்கிறது. அதில் கோர்கள் 3,840 ஆகவும், புதிய ஜிடிடிஆர்7 நினைவகத்தால் தரவு வேகம் 448 ஜிபியாகவும் உயர்ந்துள்ளன. நினைவகம் மட்டும் அதே 8 ஜிபி. மின்நுகர்வு 145 வாட்டாகக் கூடியுள்ளது.

நாட்டின் மிகப்பெரிய கணிமைத் திட்டத்திலும் இதே அளவுகோல்களே பேசப்படுகின்றன. 2024 மார்ச் மாதம் 10,371.92 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் அளிக்கப்பட்ட இந்தியாஏஐ இயக்கத்தின்கீழ், ஆய்வாளர்களுக்கும் புத்தொழில் நிறுவனங்களுக்கும் மானிய விலையில் மணிக்கணக்கில் வழங்கப்படும் வரைகலைச் செயலிகளில் என்விடியாவின் எச்100 முதன்மையானது. 80 ஜிபி நினைவகம் கொண்ட அச்செயலியை வாடகைக்கு எடுக்கும் ஆய்வாளரும், சேமிப்புப் பணத்துடன் எர்ணாகுளம் கடைக்குச் செல்லும் பள்ளுருத்தி மாணவரும் ஒரே மூன்று எண்களைத்தான் பார்க்க வேண்டியுள்ளது: கணிப்புத் திறன், தரவு வேகம், கொள்ளளவு. தம் வேலை அவற்றுள் எதைச் சார்ந்தது என்பதை அறிந்தபின் கடைக்குச் செல்பவருக்கு, பெட்டியின் மீதுள்ள பெயர் எண் இரண்டாம் நிலைத் தகவலாகிவிடும்.